ஆறாத கீறல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பாம்பன் பக்கத்துக்காரன். என் சின்னம்மாவுக்கு 49 வயது. பத்து வயதிலிருந்து கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார். பாறையில் கால் கிழிபடுவது அவருக்குப் பழகிய விஷயம், முன்பெல்லாம் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். தீட்டு நின்று இரண்டு வருஷமாகிறது. இப்போது ஒரு கீறல் மூன்று வாரமாக ஈரமாகவே இருக்கிறது. "ரத்தம் சுண்டிப்போச்சுடா" என்கிறார். ஹார்மோன் மாத்திரை போட்டால் ரத்த ஓட்டம் திரும்பிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. அந்த மாத்திரையில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கும் ரத்தக் குழாய்க்கும் அப்படி என்ன சம்பந்தம்?

ச.

அன்புள்ள ச.,

மாத்திரையைப் பிறகு பார்ப்போம். சின்னம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கால் புண் மூன்று வாரம் ஆறவில்லை என்றால் முதல் கேள்வி அதுதான். கடல் தண்ணீரில் புண்ணுக்குள் புகுந்து படுத்துகிற கிருமிகள் உண்டு. சர்க்கரைக்காரர்களை அவை வேகமாகச் சாய்த்துவிடும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ரணஜன்னி வராமலிருக்கப் போடுகிற டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் கேட்பார்கள்.

இனி உங்கள் கேள்வி. வளர்ந்த உடம்பில் புது ரத்தக் குழாய் முளைப்பது அபூர்வம். காயம் ஆறும்போது முளைக்கும். புற்றுக்கட்டி தனக்கென்று முளைக்க வைத்துக்கொள்ளும். நோயும் அடியும் இல்லாமலே மாதாமாதம் அது நடக்கிற இடம் கர்ப்பப்பையும் சூலகமும். கர்ப்பப்பையின் உள்வரி உதிர்ந்துபோகிறது. மிஞ்சிய அடிக்கட்டையிலிருந்து சுருள் சுருளாக நுண்குழாய்கள் மறுபடி ஏறி வருகின்றன. முப்பது, முப்பத்தைந்து வருஷம் அறுந்து அறுந்து ஆறினாலும் தழும்பு விழுவதில்லை. உடம்பில் இதைவிட எனக்கு வியப்பான காரியம் வேறில்லை. இதற்குத்தான் தீட்டு என்று பேர் வைத்து, பெண்களை மூலையில் உட்கார வைத்தோம்.

அந்த வளர்ச்சியைத் தூண்டுவதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்கு. குழாயை முளைக்கச் சொல்லும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை அது கூட்டுகிறது. வேலை கர்ப்பப்பையோடு முடிவதில்லை. உடம்பெங்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களில் ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து ஒட்டியதும் அந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். அதற்கு ஆயுள் சில நொடிதான், அதற்குள் சுவரின் தசை தளர்ந்து குழாய் விரிந்துவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. இந்த வாயுவைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தீட்டு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. குழாய் முன்போல விரிந்து கொடுப்பதில்லை, தோல் மெலிகிறது, காயம் மெல்ல ஆறுகிறது. ஆகவே சின்னம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. சுண்டியது ரத்தமில்லை, குழாயின் நெகிழ்வு.

அப்படியானால் மதினி சொன்னதும் சரிதானே என்பீர்கள். டாக்டர்களும் ஒரு காலத்தில் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இதயத்தைக் காக்கும் என்று எதிர்பார்ப்பு. 2002 ஜூலையில் நடுவழியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு, மார்பகப் புற்று எல்லாமே மருந்து சாப்பிட்டவர்களிடம் கூடுதலாக இருந்தன. வாய்வழி போகிற ஈஸ்ட்ரோஜன் ஈரலைக் கடக்கும்போது, ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும் கூட்டிவிடுகிறது. குழாயை விரிக்கிற அதே மருந்து குழாய்க்குள் ரத்தக்கட்டையும் உண்டாக்கலாம்.

60 வயதுக்குள், தீட்டு நின்ற பத்து வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்று பின்னால் தெரியவந்தது. உடம்புத் தகிப்பு தாங்கமுடியாதவர்களுக்கு டாக்டர் சோதித்துப் பார்த்து எழுதித் தருவதும் உண்டு. கால் கீறலுக்காக யாரும் எழுதித் தரமாட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற சாமானும் இல்லை அது.

புண் மூடும்வரை கடலில் இறங்க வேண்டாம் என்றால் சின்னம்மா கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். கடல் வற்றுகிற நாட்களை விட்டால் மரிக்கொழுந்துப் பாசிக்கு அடுத்த வற்று வரை காத்திருக்க வேண்டும், கையில் காசு இராது. நான் சொன்னதாகவே சொல்லுங்கள், திட்டினால் என்னைத் திட்டட்டும். சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்ததும் எழுதுங்கள்.