பாங்காக்கில் தனியாக ஒரு முதல் நாள்

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 61. மகன் குடும்பத்தோடு கிளம்புவதாக இருந்து, கடைசி நேரத்தில் அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனக்கு டிக்கெட்டை விட மனமில்லை. ஜனவரியில் தனியாகவே போகிறேன். இரவு போய் இறங்கினால் மறுநாள் முழுக்க என் கையில். சதோன் படித்துறை பக்கம் அறை. ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் முதல் நாளே அரண்மனை, மிதக்கும் சந்தை, சஃபாரி, இரவில் படகு விருந்து. எதை விடலாம்?
– வாசகி, திருநெல்வேலி

எல்லாவற்றையும் விடுங்கள் அம்மா. அவர் எழுதியிருக்கும் தம்னன் சதுவாக் மிதக்கும் சந்தை ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். போய் வரவே அரை நாள் வேனில் கழிந்துவிடும். தனியாகப் போகிறவருக்கு இருக்கும் பெரிய வசதி, யாருக்காகவும் அவசரப்பட வேண்டாம் என்பதுதான். அதை முதல் நாளே ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் நாள் மாலை வரை சாவோ பிரயா ஆற்றை விட்டு நகரவே வேண்டாம். 1782-இல் முதலாம் ராமா தலைநகரை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றினார். பழைய நகரம் ஆற்றை ஒட்டி எழுந்தது. பார்க்க வேண்டியவை எல்லாம் படித்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் அறையும் படித்துறை பக்கம் என்கிறீர்கள், பாதிக் கவலை தீர்ந்தது.

காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். சதோனில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள். அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிற படகு அது. எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட்தான். அதே துறையில் சுற்றுலாப் படகுக்காரர்களும் கூப்பிடுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். டிக்கெட் கொடுப்பவர் நீளமான தகரக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துச் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வருவார். படகு கரையை அணைக்கும்போது பின்னால் நிற்கும் ஆள் விசில் அடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்வார். ஒரு விசிலுக்குப் பின்னே போகும், இன்னொன்றுக்கு நிற்கும். நின்றதும் சட்டென்று இறங்கிவிட வேண்டும், காத்திருக்க மாட்டார்கள். படகின் பின்பக்கம் பிக்குகள் நிற்பதற்கான இடம், அங்கே போய் நிற்காதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடுவதோ கைக்குக் கை பொருள் கொடுப்பதோ அங்கே வழக்கமில்லை.

தா தியென் துறையில் இறங்கி, தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பாக் க்ளோங் தலாட் பூச்சந்தை. இதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம். பூக்கட்டுகிற ஊரிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அது. மூட்டை மூட்டையாகச் செவ்வந்தி, ஐஸில் போட்ட மல்லிகை மொட்டு. நாம் நாரில் தொடுக்கிறோம். அங்கே ஒரு முழ நீள ஊசியில் மொட்டுகளை வட்டம் வட்டமாகக் கோத்து, பிறகு நூலுக்கு இழுக்கிறார்கள். வளையல் அளவு மாலை, கீழே ஒரு ரோஜா தொங்கும். தலையில் யாரும் வைப்பதில்லை. புத்தருக்கும் டாக்சிக் கண்ணாடிக்கும்தான். தாமரை விற்கிற பெண்ணின் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விரியாத மொட்டின் வெளி இதழை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்துச் செருகிக்கொண்டே போவார். ஒரு நிமிடத்துக்குள் பச்சை மொட்டு வெளிர் ரோஜா நிறப் பூவாகிவிடும். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தில் வைக்கலாம்.

அடுத்த இடம் வாட் போ; 'வாட்' என்றால் கோயில். எட்டு மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்குப் பேருந்துகள் வந்து இறங்குவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். சயனித்த புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் அவரைச் சுற்றி இறுக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் முழு உருவமும் ஒரே பார்வையில் அகப்படாது. தலையிலிருந்து தொடங்கிப் பாதம் வரை நடந்தே பார்க்க வேண்டும். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். திரும்பி வரும் பக்கம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாட் கொடுத்தால் ஒரு கோப்பை நிறையச் சில்லறை தருவார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். பெரும்பாலானவர்கள் படம் எடுத்த கையோடு வெளியே போய்விடுவார்கள். நீங்கள் பிராகாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புத்தர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். கால் வலித்தால் அதே வளாகத்தில் தாய் மசாஜ் பள்ளி இருக்கிறது. முறையாகக் கற்றவர்கள் செய்வது, தயங்க வேண்டாம்.

பிறகு ஐந்து பாட் தோணியில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். தூரத்திலிருந்து சாம்பல் நிறக் கோபுரம்போலத் தெரியும். கிட்டே போனால் உடைந்த சீனப் பீங்கான் தட்டுகளைப் பதித்துச் செய்த பூக்கள். தட்டின் வளைவு அப்படியே இதழின் வளைவாக இருக்கும். படிகள் செங்குத்து. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அடித்தளத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஜனவரி அங்கே குளிர்காலம் என்பார்கள். மதிய வெயில் நம் ஊர் வெயில்தான். மூன்று மணி வரை தூங்குங்கள்.

மாலைக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் தமிழாசிரியை என்பதால் சொல்கிறேன். மெட்ரோவில் சாம் யோட் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நடுச்சாலையில் சிவப்புத் தூண்கள் இரண்டு வானத்தைத் தொட நிற்கும். சாவோ சிங் சா என்கிற பெரிய ஊஞ்சல். பக்கத்திலேயே 1784-இல் கட்டிய தேவசதான், அரசவைப் பிராமணர்களின் கோயில். சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. மார்கழி, தை வாக்கில் அங்கே நடக்கும் சடங்கின் பெயர் திரியம்பாவாய்–திரிபாவாய். அதில் அவர்கள் ஓதுவது நம் திருவெம்பாவை. பொருள் தெரியாது, உச்சரிப்பும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக விடாமல் ஓதுகிறார்கள். ஊஞ்சலாடுவது 1935-இல் நின்றுபோனது, கோயிலுக்குள் நடக்கும் பூஜை நிற்கவில்லை. வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு 'ஆதியும் அந்தமும் இல்லா' நடத்தியிருப்பீர்கள்! அந்த வாசலில் நின்று ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள்.

அரண்மனையைப் பார்க்காமல் பாங்காக் போனதாகவே கணக்கில்லை என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பார்க்கத்தான் வேண்டும், முதல் நாள் வேண்டாம் என்கிறேன். இரண்டாம் நாள் காலை 8.30-க்குத் திறக்கும்போதே வாசலில் நின்றால் நிதானமாகப் பார்க்கலாம். டிக்கெட் 500 பாட். எல்லோரும் மரகத புத்தரை நோக்கி ஓடுவார்கள். சிலையின் உயரம் 66 சென்டிமீட்டர்தான், பருவத்துக்கு ஓர் ஆடையாக ஆண்டுக்கு மூன்று முறை அரசரே மாற்றுகிறார். நீங்கள் சுற்றுப் பிராகாரச் சுவரில் நேரம் செலவழியுங்கள். அவர்களுடைய ராமாயணமான ராமகியென் அங்கே 178 ஓவியங்களாக ஓடுகிறது. சேது கட்டும்போது கல்லைத் திருடிக் கடலில் இழுத்துப்போக ராவணன் தன் மகளான மச்சகன்னியை அனுப்புகிறான். தடுக்கப்போன அனுமன் அவளிடமே மனதைப் பறிகொடுக்கிறார். கம்பனைப் படித்த கண்ணோடு அதைப் பார்ப்பது தனி அனுபவம்.

கோயில் வாசலில் ஒருவர் 'இன்று மூடியிருக்கிறது' என்று சொல்லி, 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதாக என் நண்பனை டுக்டுக்கில் ஏற்றிவிட்டாராம். நான் அடுத்த மாதம் போகிறேன்.
– வாசகர், மதுரை

உங்கள் நண்பரை நேராக நகைக்கல் கடைக்கோ தையல் கடைக்கோ கொண்டுபோயிருப்பார்களே. பழைய வித்தை இது. சொல்கிறவர் சட்டை டக்-இன் செய்து, மரியாதையாக, நல்ல ஆங்கிலத்தில் பேசுவார். பதில் சொல்லாமல் டிக்கெட் கவுன்ட்டர் வரை நடந்துபோய்க் கேளுங்கள். திறந்துதான் இருக்கும். டாக்சியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்குகிறதா என்று பார்த்து உட்காருங்கள். போடமாட்டேன் என்றால் அடுத்த வண்டி.

சுத்த சைவம். வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. பட்டினிதானா?
– வாசகி, கும்பகோணம்

இல்லவே இல்லை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைத் தேடி, 'ஜே' என்று சொல்லுங்கள். சீன பௌத்தர்களின் விரதச் சமையல் அது: முட்டை, பால், மீன், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. மற்ற கடைகளில் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கறியை எடுத்துவிடுவார்கள், மீன் சாஸ் அப்படியே இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டிலும் காய்ந்த இறால் இடித்திருப்பார்கள், கவனம். தள்ளுவண்டியில் வெட்டித் தரும் கொய்யா, அன்னாசி, மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் விட்ட ஒட்டரிசி, இவற்றை நம்பிச் சாப்பிடலாம்.

வயது 26. தனியாகப் போகிறேன் என்றதும் வீட்டில் பயப்படுகிறார்கள். இருட்டிய பிறகு வெளியே போகலாமா?
– வாசகி, சென்னை

போகலாம். மின்சார ரயில் நள்ளிரவு வரை ஓடுகிறது, வேலை முடிந்து திரும்பும் பெண்கள் பெட்டி நிறைய இருப்பார்கள். முதல் மாலை சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள், சுராசக் நிலையத்திலிருந்து நடக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று தாய்லாந்து மக்கள் கூட்டம்தான் அதிகம், தாம்பாளத்தில் தேங்காயும் பூவுமாக வரிசையில் நிற்பார்கள். மாலை ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் எல்லோரும் சட்டென்று நின்றுவிட்டால் பதறாதீர்கள், தேசிய கீதம். நீங்களும் நில்லுங்கள். அறைக்குப் போனதும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஷூவா, செருப்பா?
– வாசகர், ஈரோடு

கழற்றி மாட்ட எளிதான செருப்பு. வாட் போவில் அதைக் கையோடு கொண்டுபோக ஒரு பை தருவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். அரைக்கால் சட்டையோடு போனால் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.