செட்டில்மென்ட்டில் முடித்த கிரெடிட் கார்டு கடன் மகளின் கல்விக் கடனைத் தடுக்குமா?

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது 38,000 ரூபாய் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியவில்லை. அது 61,000 ரூபாயாக ஏறிய பிறகு, வசூலுக்கு வந்தவர் சொன்னபடி 25,000 ரூபாய் கட்டி 'செட்டில்மென்ட்' செய்துகொண்டேன். இப்போது என் மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. ஆறு லட்சம் ரூபாய் கல்விக் கடன் கேட்டுப் போனால், சிபில் எனும் என் கடன் வரலாற்று அறிக்கையைக் காட்டிக் கிளை மேலாளர் விண்ணப்பத்தை வாங்கவே தயங்குகிறார். 8,000 ரூபாய் கொடுத்தால் சிபிலைச் 'சுத்தம்' செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த 8,000 ரூபாயைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். உண்மையான பதிவை அழிக்கும் அதிகாரம் எந்த இடைத்தரகருக்கும் கிடையாது. தவறான பதிவு என்றால், அதைத் திருத்தக் கோரி நீங்களே கட்டணமின்றி முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே விதித்திருக்கிறது.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் அதிலுள்ள கடன் மதிப்பெண் குறையாது. அதில் அந்தக் கார்டுக்குரிய பகுதியில் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 என்றும், தவறிய மாதங்களில் 030, 060, 090 என்று தாமதமான நாட்களும் பதிவாகியிருக்கும். மேலாளரைத் தயங்க வைப்பது இந்த எண்களைக் காட்டிலும், கணக்கின் நிலை என்ற இடத்தில் உள்ள 'செட்டில்டு' என்ற ஒற்றைச் சொல்தான். கடன் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால், வரவேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் கணக்கை முடித்தோம் என்று வங்கி எழுதி வைத்திருக்கிறது. 'குளோஸ்டு' என்றால்தான் முழுவதும் கட்டியதாகப் பொருள். கடன் வாங்கியவரிடம் இந்த வேறுபாட்டை வசூலுக்கு வருபவர்கள் சொல்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

மீதியைக் கட்டினால் அந்தச் சொல்லை மாற்ற முடியும். எவ்வளவு கட்டுவது என்பதில் நிதானம் வேண்டும். மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 38,000 ரூபாய்க்கு மாதம் 1,330 ரூபாய் வட்டியும், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். உங்கள் பாக்கி 61,000 ஆனது இப்படித்தான். தள்ளுபடியான 36,000 ரூபாயில் பழைய பாக்கியின் மீதி 13,000 மட்டுமே. மற்றதெல்லாம் வட்டியும் கட்டணமும். ஆகவே, அந்த 13,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு கணக்கை 'குளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி, மகளின் படிப்பைக் குறிப்பிட்டு, கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வங்கி ஏற்கலாம், கூடுதலாகவும் கேட்கலாம். கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. கணக்கு வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொகையையும், அதைக் கட்டியபின் நிலையை மாற்றி அனுப்புவோம் என்ற உறுதியையும் கடிதமாகப் பெறாமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பணம் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். வசூலுக்கு வருபவரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பக் கூடாது. கட்டியதும் நிலுவையில்லாச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தாமதமான மாதங்களின் பதிவு உடனே மறைந்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகள் கடந்தால் கடன் காலாவதியாகிவிடும் என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். காலவரம்புச் சட்டம் வங்கி வழக்குப் போடுவதைத் தடுக்குமே தவிர, அறிக்கையில் உள்ள பதிவை நீக்காது.

இதெல்லாம் முடியும்வரை மகளின் விண்ணப்பம் காத்திருக்கத் தேவையில்லை. 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகச் சேர்வது வழக்கம் என்பதால்தான் உங்கள் அறிக்கை பார்க்கப்படுகிறது. உங்கள் மனைவிக்கு வருமானமும் நல்ல பதிவும் இருந்தால், அவரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அப்போதும் உங்கள் பழைய பாக்கியை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கல்லூரி, மத்திய அரசின் பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அத்திட்டத்தில் பிணையும் ஜாமீனும் கேட்பதில்லை. குடும்பத்தில் மகள்தான் முதல் பட்டதாரி என்றால், தமிழக அரசின் கல்விக் கட்டணச் சலுகைக்கான சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். கடன் தொகையே குறைந்துவிடும். பதற்றத்தில் ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பித்தால், ஒவ்வொரு வங்கியும் அறிக்கையைக் கேட்டு வாங்கும்போது மதிப்பெண் மேலும் குறையும்.

விண்ணப்பத்தை வாங்க மறுப்பதை வாய்வார்த்தையோடு ஏற்றுக்கொள்ளாதீர்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்தால், விண்ணப்பித்ததற்கு ஆதாரம் இருக்கும். கல்விக் கடன் விண்ணப்பத்தை மேலதிகாரியின் இசைவு இல்லாமல் கிளையில் நிராகரிக்கக் கூடாது என்பது விதி. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அது மாணவரின் மதிப்பெண் பற்றியது, உங்கள் நிலை வேறு. என்றாலும் உங்கள் மகளுக்கென்று எந்தக் கெட்ட பதிவும் இல்லை என்பதை எடுத்துச் சொல்ல அது உதவும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் முறையிட்டு 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அடுத்த முறை கிளைக்குப் போகும்போது கார்டு வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல், 25,000 ரூபாய் கட்டிய ரசீது, ஊரடங்கு மாதங்களில் கடை மூடியிருந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் எடுத்துக்கொண்டு, மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கடனுக்குரிய மாணவி அவர்தான்.