வேலை போன பிறகு...

கேள்வி: பதினோரு வருடம் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். 'எல்லாம் நல்லதுக்குத்தான், புதுசா ஏதாவது ஆரம்பி' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: எரிச்சல் நியாயமானதுதான். போன வாரம் வேலை போனவரிடம் 'நல்லதுக்குத்தான்' என்று சொல்வது ஆறுதலே இல்லை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் காகிதங்கள். ஆட்குறைப்பால்தான் விலகினீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், வரவேண்டிய பணம் எவ்வளவு, எப்போது வரும் என்பதையும்தான். நேர்காணலில் கேட்டால் 'ஆட்குறைப்பு' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம், நீண்ட விளக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். அப்புறம் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள், ஏனென்றால் வேறு துறைக்கு மாறலாமா, ஏதாவது படிக்கலாமா என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்தது. (மொத்தத் தொகையையும் சொந்தத் தொழிலில் போடும் யோசனை இருந்தால் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.)

விஷயத்தை மறைக்காதீர்கள். தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதியது இதுதான்: பெரும்பாலானவர்களுக்குத் தகவல் தந்தது நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது சந்திக்கிற ஆள். நம் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், இல்லையா? ஆகவே பழைய சக ஊழியர், முன்பு பழகிய வாடிக்கையாளர் என்று பேசி ரொம்ப நாளான ஆட்களுக்கு, என்ன வேலை தெரியும், என்ன தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி அனுப்பிப் பாருங்கள்.