கணினியோடு கல்பனாஸ்வரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போன ஞாயிறு மல்லேஸ்வரத்தில் நம் பெங்களூர்த் தமிழ் ரசிகர்கள் கூடியபோது, வயலினும் லேப்டாப்புமாக மோகன ராகத்தில் கொஞ்ச நேரம் கல்பனாஸ்வரம், அதாவது அந்த நேரத்தில் மனதில் தோன்றும் ஸ்வரங்கள், முறை வைத்து வாசித்துக் காட்டினேன். அப்புறம் நிறையக் கேள்விகள் வந்தன. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டு மாணவி: அண்ணா, லேப்டாப்பிலிருந்து வந்தது அந்த நேரத்தில் உருவானதா, முன்பே பதிவு செய்து வைத்ததா?

அந்த நேரத்தில் உருவானதுதான். ஆனால் சரக்கு முழுக்க நான் சற்றுமுன் வாசித்தது. பாரிஸின் இர்காம் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்த ஜெரார் அசயாக், மார்க் ஷெமிலியே முதலானோர் உருவாக்கிய ஓமேக்ஸ் என்ற கணினி நிரலும் இந்த வழியில்தான் இயங்குகிறது.

நான் முதலில் ‘கபதஸா தபகரி’ என்றும், பிறகு ‘ரிகபத பகரிஸ’ என்றும் வாசித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ‘கபத’ வருகிறது. நிரல் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். தன் முறை வரும்போது இரண்டாவது பிடியில் (ஸ்வரக் கோவையில்) ‘ரிகபத’ வரை போய், அங்கிருந்து முதல் பிடிக்குத் தாவி ‘ஸா தபகரி’ என்று முடிக்கும். ‘ரிகபதஸா தபகரி’ நான் வாசிக்காத பிடி, ஆனால் அதில் ஒவ்வொரு அடியும் என் விரலிலிருந்து போனது.

தாவுவதற்குப் பொதுத் துண்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். கூட்டினால் வாசித்ததையே ஒப்பிக்கும். குறைத்தால் புதுமை வரும், ராகம் தடுமாறும். மோகனம் தாங்கிக்கொள்ளும். ரீதிகௌளை மாதிரி, ஸ்வரங்கள் நேர் வரிசையில் போகாமல் வளைந்து போகும் வக்ர ராகத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்துத் தாவவிட்டால் ராகம் போயே போய்விடும்.

வீணை ஆசிரியை: மேற்கத்திய கருவிகளுக்குச் செய்த நிரல் நம் கமகத்தை, ஸ்வரத்தின் அசைவை, எப்படிப் பிடிக்கும்?

இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி.

வாசிப்பைக் கணினிக்குக் குறிப்பாக எழுதிக் கொடுக்கும், 1983-ல் வந்த மிடி என்ற முறை, அடிப்படையில் கீபோர்டு கட்டைகளை மனதில் வைத்துச் செய்தது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது எடுத்தார் என்று எழுதிக்கொள்ளும். சுருதியை வளைக்க அதில் வழி உண்டு. ஆனாலும் மனம் கட்டையில்தான் இருக்கிறது. தோடியின் காந்தாரத்தை அதனிடம் கொடுங்கள். அந்தக் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கிறது. நிரல் அதை ‘ரி ம ரி ம’ என்று எழுதிக்கொள்ளும். அதைத் திருப்பி வாசித்தால் தோடி கேட்டுப் பழகிய எந்தக் காதும் சுருங்கிவிடும்.

அதனால் நான் ஸ்வரமாக மாற்றுவதே இல்லை. ஒலியையே அதன் அசைவோடு துண்டாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். வில் திரும்பும் இடத்திலும் ஒலி அடங்கும் இடத்திலும் மட்டும் வெட்டு விழும். நடு அசைவில் கத்தி படக் கூடாது. துண்டு எந்த ஸ்வரத்தில் தொடங்கி எதில் வந்து நிற்கிறது என்று மட்டும் பெயர் ஒட்டினால் போதும். இதற்கெல்லாம் முன்னால் ஆதார ஸ்வரமான ஸட்ஜம் எது என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். பார்சிலோனாவில் சேவியர் செர்ரா நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசையைக் கணினியில் ஆராய்ந்தபோதும், ஆதார ஸட்ஜத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி ஆய்வாக இருந்தது.

அல்சூரில் மிருதங்கம் பயில்பவர்: சார், தாளம் அதற்குத் தெரியுமா?

கணக்கு தெரியும், தாளம் தெரியாது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், 32 மாத்திரை மிச்சம் இருக்கிறது என்றால், ‘தகதிமி தகஜொணு’ என்ற 8 மாத்திரையை மூன்று முறை வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் 4 மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டுச் சமத்தில், அதாவது ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில், வந்து இறங்கும். இதெல்லாம் அதற்குக் கண நேரம்.

ஆனால் பாடுபவர் இப்போது தாளத்தில் எங்கே இருக்கிறார் என்று காதால் கண்டுபிடிப்பது வேறு. ஹிந்துஸ்தானியில் தபலா, தாளத்துக்கென்று உள்ள தேகா என்ற சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் நிரலுக்குப் பிடிமானம் உண்டு. நம் மிருதங்கம் பாட்டைத் தழுவிப் போகிறது. தாளம் கையில் இருக்கிறது, ஒலியில் இல்லை. அதனால் ஒவ்வொரு சமத்திலும் நான் காலால் ஒரு பெடலை அமுக்கிச் சொல்கிறேன்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலையில் இருப்பவர்: லேட்டன்சி, அதாவது ஒலி உள்ளே போய் வெளியே வரும் தாமதம், தொந்தரவு இல்லையா?

உண்டு. கணினி ஒலியை மாதிரிகளாக எடுத்து, பஃபர் என்ற தொகுப்பாகச் சேர்த்துத்தான் கையாளும். 256 மாதிரிகள் கொண்ட பஃபர், நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் ஏறத்தாழ 6 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. சுருதியைக் கண்டுபிடிக்க அலை இரண்டு சுற்றாவது வேண்டும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கே 20 மில்லிநொடி போய்விடும். மொத்தம் 30-ஐத் தாண்டும். காற்றில் ஒலி 10 மீட்டர் போக அவ்வளவு நேரம் ஆகும். கூடவே வாசிக்கச் சொன்னால் மேடையின் மறுகோடியில் உட்கார்ந்து வாசிப்பது போல் இழுக்கும். ஸ்வரத்துக்குப் பதில் ஸ்வரம் என்று ஆவர்த்தனம் முடித்துக் கொடுத்தால் இந்தத் தாமதம் தெரியாது. ப்ளூடூத் மட்டும் வேண்டாம், ஒயர்தான்.

கல்லூரி மாணவர்: ஏஐ வந்த பிறகுதான் இதெல்லாம் சாத்தியமானதா?

இல்லை. டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் 1980-களிலேயே வாயேஜர் என்ற நிரலை எழுதி அதோடு மேடையில் வாசித்தார். நம் பிடியைத் திருப்பித் தருவதோடு அது நிற்பதில்லை. நாம் சும்மா இருந்தாலும் தானாக வாசிக்கும், நாம் போகும் வழியை விட்டு வேறு வழி போகும். மனிதரைத் தலைவராகவும் இயந்திரத்தைப் பின்பாட்டாகவும் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. என் சிறிய நிரலுக்கு அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும் என்றுதான் உழைக்கிறேன்.

இந்திராநகர் மாமி: பேரனுக்கு இதை வாங்கிக் கொடுத்தால் குருவிடம் போக வேண்டாமா, தம்பி?

கட்டாயம் போக வேண்டும், மாமி. தப்பான பிடியை வாசித்தால் அதையும் மரியாதையாக எடுத்து வைத்துக்கொண்டு திருப்பித் தரும். ‘இது ராகத்தில் இல்லை’ என்று சொல்ல ஆள் வேண்டும். வீட்டுச் சாதகத்துக்கு நம் ஊர் ராடெலின் மின்தம்பூரா போதும்.

வயலின் மாணவர்: எதில் தொடங்கலாம்?

மில்லர் பக்கெட் எழுதிய ப்யூர் டேட்டா என்ற இசை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் ஓமேக்ஸ் எல்லாம் வேண்டாம். கடைசியாக வாசித்த பிடியைப் பதிந்து, நீங்கள் நிறுத்தியதும் அதைத் திருப்பி வாசிக்கும் அளவுக்குச் செய்யுங்கள். அதற்கே வாசிப்பு மாறுவதைப் பார்ப்பீர்கள், வாக்கியத்தை முடிக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

வயலின் உடலில் ஒட்டும் கான்டாக்ட் மைக் வாங்குங்கள். திறந்த மைக் வைத்தால் ஸ்பீக்கரில் வரும் தன் வாசிப்பையே நிரல் கேட்டு, அதையும் உங்கள் பிடி என்று சேர்த்துக்கொள்ளும். மிருதங்கமும் உள்ளே வரும். அதன் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) அடியோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதை சி.வி. ராமன் பெங்களூரில் இருந்தபோது, 1934-ல் கட்டுரையாக விளக்கியிருக்கிறார். கணீரென்ற அடி ஒவ்வொன்றையும் நிரல் ஸ்வரமாக எண்ணிவிடுவது அதனால்தான்.