புலிக்குப் பிறந்தது – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவரை ரன்னிங் பேக் என்பார்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியில் 2022 முதல் 2024 வரை ரன்னிங் பேக் பயிற்சியாளராக இருந்த டிலாண்ட் மெக்கல்லோ பற்றி உங்கள் கருத்து வேண்டும். டெவின் கோல்மன், ஜோர்டன் ஹாவர்ட், ஆட்ரிக் எஸ்டிமே, ஜெரமையா லவ் எல்லோரும் அவரிடம் பயின்றவர்கள். இவர்கள் நன்றாக ஆடியதில் அவர் பங்கு எவ்வளவு, வீரர்களின் திறமை எவ்வளவு? அவருடைய அப்பாவும் இதே வேலையில் பேர் வாங்கியவர். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா! என் மகன் இங்கே பள்ளி அணியில் ரன்னிங் பேக். எங்கள் குடும்பத்தில் பந்தைத் தொட்டவர்களே கிடையாது. அதுதான் கவலை.

ஒரு வாசகர், இண்டியானா

அன்புள்ள நண்பருக்கு,

பங்கு பிரிக்கிற வேலை நமக்கு வேண்டாம். 2024 டிசம்பரில் இண்டியானா அணிக்கு எதிராக லவ் 98 யார்டு ஓடினாரே, அந்தக் கால் வேகத்தை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர முடியாது. அதற்கு முன் மெக்கல்லோ இண்டியானா அணியில் பயிற்சியாளராக இருந்தபோது, கோல்மன் அந்த அணிக்காக 2014இல் 2,036 யார்டு ஓடினார். அப்படியும் அந்த வருடம் இண்டியானா ஜெயித்தது நாலே ஆட்டம். பட்டியலை வைத்து இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பழமொழியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. அதுவும் மெக்கல்லோவைப் பற்றி! அவர் கதையைப் பாதி கேட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

பிறந்ததும் தத்துக் கொடுக்கப்பட்டு, ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் வளர்ந்த பையன் அவர். பள்ளியில் நன்றாக ஆடினார். அவரைத் தேடி வந்து ஒஹாயோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனவர் அங்கே பயிற்சியாளராக இருந்த ஷெர்மன் ஸ்மித். அப்புறம் இருவரும் வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்தபோதும் தொடர்பு விட்டுப்போகவில்லை. மெக்கல்லோ பயிற்சியாளரானார், இண்டியானாவில் கோல்மனையும் ஹாவர்டையும் உருவாக்கினார். அதற்கெல்லாம் பிறகு, 2017இல், பெற்ற தாயைக் கண்டுபிடித்து அப்பா யார் என்று கேட்டார். ஷெர்மன் ஸ்மித் என்றார் அந்த அம்மா. அப்படி ஒரு பிள்ளை இருப்பதே ஸ்மித்துக்கு அதுவரை தெரியாது.

மகன் என்று தெரிந்து ஸ்மித் எதையும் சொல்லித்தரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ என்றுதான் இத்தனை வருடம் அக்கறை காட்டினார். மெக்கல்லோவும் அப்பா என்று அவர் பின்னால் போகவில்லை, நல்ல மனிதர் என்று போனார். இதைப் போய் ரத்தம் என்று சொன்னால், ஸ்மித்தின் அக்கறைக்கு என்ன மரியாதை? வளர்த்த அம்மாவுக்கு என்ன மரியாதை? உடம்புவாகு வேண்டுமானால் ரத்தத்தில் வரலாம். அடுத்தவன் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லித்தருகிற பொறுமை வராது.

உங்கள் மகன் காதில் அந்தப் பழமொழி விழுந்திருக்குமோ என்றுதான் எனக்குக் கவலை. விழுந்திருந்தால் இன்றைக்கே அவனிடம் பேசுங்கள். எத்தனை யார்டு ஓடினான் என்று கேட்காதீர்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக், எறியப் பின்வாங்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். அப்போது அவன் கையில் பந்து இருக்காது. குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்து வருகிற எதிரணியினரில் உள்பக்கமாக வருபவனை முதலில் பார்க்க வேண்டும், வெளிப்பக்கம் அப்புறம். முழங்காலை மடக்கி, தலையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் எதிராளியின் நெஞ்சில் அடித்து நிறுத்த வேண்டும். யார்டு கணக்கில் இது ஏறாது. ஆனால் இது வராத பையனை எந்தப் பயிற்சியாளரும் முக்கியமான நேரத்தில் களத்தில் விடமாட்டார். எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் இதைப் பழகிக்கொள்ளலாம். அவனுக்கு அங்கே யார் சொல்லித்தருகிறார் என்று விசாரித்து எழுதுங்கள்.