‘அம்மா, சாக்ஸ் எங்கே?’ – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சமையலறை மேடையில் வைத்து எழுதியவை போல இருக்கின்றன, ஒன்றில் மஞ்சள் கறைகூட இருந்தது. இந்த இதழுக்கு ஏழு கேள்விகள்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் ஆறாவது, மகன் இரண்டாவது. பள்ளி வேன் 7.10க்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு எழுந்தாலும் 6.45 ஆனதும் வீடு ரணகளமாகிவிடுகிறது. நாலரைக்கு எழுந்து பார்த்தேன், அப்போதும் அப்படியேதான். இன்னும் சீக்கிரம் எழ வேண்டுமா? – மடிப்பாக்கம் வாசகி

பதில்: வேண்டாம். அந்த நாலரை மணியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நாளைக் காலையில் சமையலறைச் சுவரில் ஒரு பேப்பரை ஒட்டி, யாராவது உங்களிடம் வந்து “எங்கே?” என்று கேட்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு போடுங்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு திங்கட்கிழமை அப்படிப் போட்டுப் பார்த்தேன், முக்கால் மணி நேரத்தில் பதினேழு கோடு. சாக்ஸ், பெல்ட், டைரி, தண்ணீர் பாட்டில் மூடி, வண்டிச் சாவி, வீட்டுக்காரரின் கைக்குட்டை. தோசைத் திருப்பியும் கையுமாகப் பதினேழு தடவை பதில் சொல்லி, அதில் நாலு தடவை நானே போய் எடுத்தும் கொடுத்திருக்கிறேன். கருகிய இரண்டு தோசை தனிக் கணக்கு. எது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒரே ஒரு தலைக்குள் இருந்தால், அந்தத் தலை மூன்று மணிக்கு எழுந்தாலும் நேரம் போதாது.

அதனால் அழகாக அடுக்குவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். வாசல் பக்கமாக, சின்னவன் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற உயரத்தில் பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை வையுங்கள். யூனிஃபார்ம், உள்ளாடை, சாக்ஸ், பெல்ட், ஐடி கார்டு ஐந்தும் ராத்திரியே அதற்குள் போய்விட வேண்டும், போடுவது அவர்கள் வேலை, நீங்கள் எட்டிப் பார்த்து எண்ணினால் போதும். சாக்ஸுக்கு ஜோடி தேடுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்: ஒரே நிறம், ஒரே அளவில் ஆறு ஜோடி வாங்கி, துவைத்ததும் அப்படியே கொட்டிவிட்டால் எந்த இரண்டை எடுத்தாலும் ஜோடிதான். சாவிக்குக் கதவுப் பக்கம் ஒரு ஆணி. டிசைன் போட்ட சாவி ஸ்டாண்ட் வேண்டாம், அதில் ரப்பர் பேண்டும் பழைய மாஸ்க்கும்தான் தொங்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

காய் நறுக்குவதை ராத்திரி டிவி முன்னால் முடித்துவிடலாம், ஆனால் எல்லாக் காய்க்கும் அது சரிப்படாது. பீன்ஸ், கேரட், கோஸ், அவரை நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் அப்படியே இருக்கும். கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு கறுத்துப் போகும், அதெல்லாம் காலையில்தான். வெண்டைக்காயைக் கழுவி, துடைத்து, காயவிட்டு மட்டும் வையுங்கள், ஈரத்தோடு நறுக்கினால் கை, கத்தி, பலகை எல்லாம் வழவழவென்று ஆகிவிடும். கீரையை ஆய்ந்து, கழுவாமல் பேப்பரில் சுற்றி வைக்கலாம். தேங்காயை ஞாயிற்றுக்கிழமையே துருவி ஃப்ரீசரில் போட்டுவிட்டால் வாரம் ஓடிவிடும். வெங்காயம் மட்டும் உங்கள் டப்பா மூடியைப் பொறுத்தது, கொஞ்சம் லூசாக இருந்தாலும் மறுநாள் காபியில் தெரியும்.

கேள்வி: வீட்டு வேலையில் உதவி செய்ய நான் தயாராகத்தான் இருக்கிறேன். “என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்” என்று மனைவியிடம் தினமும் சொல்கிறேன். அதைச் சொன்னாலே அவருக்குக் கோபம் வருகிறது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? – கோவை வாசகர்

பதில்: அந்தச் “சொல்லு” தான் தம்பி. என்ன வேலை பாக்கி, எதை முதலில் செய்ய வேண்டும், எது தீர்ந்துபோச்சு என்று ஒருவர் யோசித்து வைத்தால்தானே உங்களிடம் சொல்ல முடியும்? அந்த யோசிக்கிற வேலைக்கு லீவே கிடையாது, கட்டிலில் படுத்த பிறகும் ஓடும்.

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். “மாவாட்ட உதவி செய்தேன்” என்று ஆண்கள் சொன்னால் பெரும்பாலும் கிரைண்டரைத் தூக்கி வைத்து ஸ்விட்ச் போட்டார்கள் என்று அர்த்தம். மாவு வேலை ஆரம்பிப்பது அங்கே இல்லை, புதன்கிழமை ராத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து ‘இது வெள்ளிவரை வருமா’ என்று பார்க்கிறார்களே, அங்கே. இட்லி அரிசி இருக்கிறதா, உளுந்து வாங்கணுமா, நாளைக்குப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தப் போகிறார்களா என்று பார்த்து, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று அளந்து, அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஊறப்போட்டு, உளுந்தை முதலில் போட்டுத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அது பந்து மாதிரி பொங்கி வரும்வரை பக்கத்திலேயே நின்று, அப்புறம் அரிசியை அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்குவதற்கு இடம் விட்டுப் பாத்திரத்தில் ஊற்றி, மே மாதம் என்றால் ஆறேழு மணி நேரத்தில் பார்த்து ஃப்ரிட்ஜுக்குள் தள்ளி, மார்கழி என்றால் ராத்திரி முழுக்க விட்டு, கடைசியில் அந்தக் கல்லையும் குழவியையும் கழுவிக் கவிழ்ப்பதுவரை அது ஒரே வேலை. ஸ்விட்ச் போடுவது இதில் எத்தனை பங்கு, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் உதவி வேண்டாம். மாவு இலாகாவையே முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள், உளுந்து தீர்ந்ததைக் கண்டுபிடிப்பது முதல் கிரைண்டர் கழுவுவதுவரை. முதல் இரண்டு வாரம் இட்லி கல்லு மாதிரி இருக்கலாம். உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை: அந்த இரண்டு வாரம் கிரைண்டர் ஓடும்போது தயவுசெய்து மொட்டை மாடிக்குப் போய்விடும்மா. பக்கத்தில் நின்று “தண்ணி ஜாஸ்தி” என்றால் இலாகா உடனே உன்னிடமே திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ஊரிலிருந்து மாமியார் வருஷத்துக்கு ஆகிற அரிசி, பருப்பு, பயறு எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுகிறார். எங்கள் ஃப்ளாட்டில் இரண்டே மாதத்தில் வண்டு. வேண்டாம் என்றால் அத்தை வருத்தப்படுவார். – வேளச்சேரி வாசகி

பதில்: ஊர் வீட்டில் இடமும் காற்றும் வெயிலும் இருக்கிறது, பார்த்துப் புடைக்க ஆளும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு பால்கனி, அதிலும் பாதி துணிக்கொடி.

சாக்குக்குள் வண்டு பெரும்பாலும் புதிதாக வருவதில்லை, கூடவே வருகிறது. அரிசி வண்டு மணியைக் குடைந்து உள்ளே முட்டையிட்டு மேலே அடைத்துவிடும், பார்த்தால் நல்ல அரிசிதான். நம் ஊர்ச் சூட்டில் கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் குட்டி வண்டு வெளியே வரும். பயறு வண்டு அப்படி இல்லை, தோலின் மேலேயே முட்டையை ஒட்டிவிடும். பாசிப்பயறை உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தால் அதுதான். வசம்பு, காய்ந்த மிளகாய், காய்ந்த வேப்பிலை எல்லாம் வெளியே திரிகிற வண்டை விரட்டத்தான், மணிக்குள் இருக்கிற முட்டையை ஒன்றும் செய்யாது. வசம்பு போடுவதென்றால் துணியில் முடிந்து போடுங்கள், துண்டு தப்பிச் சாம்பாரில் விழக்கூடாது.

வந்தவுடன் பருப்பு, பயறை நல்ல வெயிலில் காயவைத்து ஆறவிட்டு டப்பாவில் அடைக்கலாம். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணி உடையும், நிழலில் உலர்த்துங்கள். ரவை மாதிரி கொஞ்சமாக இருப்பதை நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். பழையது மிச்சம் இருக்கிற டப்பாவில் புதிதைக் கொட்டவே கொட்டாதீர்கள், முக்கால்வாசி வீட்டில் வண்டு வளர்வது அந்த ஒரு பழக்கத்தால்தான். டப்பா மேல் மாதத்தை ஒட்டி வைத்தால் எதை முதலில் எடுப்பது என்று உங்களைக் கேட்காமலே எடுக்கலாம்.

அத்தையிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. “அத்தை, உங்களை மாதிரி எனக்குப் பார்த்து வைக்கத் தெரியல, அங்கேயே வச்சிருந்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை அனுப்புறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பொய்யும் இல்லை, அவருக்கும் சந்தோஷம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பேப்பர், பைல் எல்லாம் கணவர் பொறுப்பு. போன மாதம் அவரையே அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. இன்ஷூரன்ஸ் கார்டைத் தேடி நானும் மகளும் பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். – திருச்சி வாசகி

பதில்: இப்போது நன்றாக இருக்கிறார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள், நல்லது. முதல் கடிதத்துக்காரிக்குச் சொன்னதேதான், தலை மட்டும் வேறு. அங்கே சாக்ஸ் அம்மாவின் தலைக்குள், இங்கே பாலிசி நம்பர் அப்பாவின் தலைக்குள், அவரையோ ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

பேங்க், எல்ஐசி, ஆதார் என்று பேப்பரின் பெயரால் பிரிக்காமல், எங்கே ஓடும்போது தேவைப்படும் என்று பார்த்துப் பிரியுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு உறை: இன்ஷூரன்ஸ் கார்டு அல்லது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, எல்லாருடைய ஆதார் நகல், கடைசி மருந்துச் சீட்டு, ஒரு தாளில் ரத்த வகையும் ஒத்துக்கொள்ளாத மருந்தும். இந்த உறை மட்டும் பீரோவுக்குள் பூட்டாமல் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அலமாரியில் இருக்கட்டும். பள்ளி, கல்லூரிக்கு ஒன்று: பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டிசி நகல். வீட்டுக்கு ஒன்று: பத்திர நகல், அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டும் சொத்து வரி ரசீது, கேஸ் புத்தகம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கட்டும் கரண்ட் பில்லின் இணைப்பு எண். ஒவ்வொரு உறைக்குள்ளும் என்ன இருக்கிறது என்று மேலேயே எழுதிவிடுங்கள், அசல் வேறு இடத்தில் இருந்தால் அந்த இடத்தையும்.

டிஜிலாக்கர் நல்ல வசதிதான். வழங்கிய துறையே அதில் போட்டிருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம், நாமே போட்டோ எடுத்து ஏற்றியது வெறும் நகல்தான். ஆனால் அவருடைய போனின் லாக் உங்களுக்குத் தெரியாவிட்டால் அதுவும் பூட்டின பீரோதானே. ஒரு ஞாயிறு மதியம் அவரையே உட்கார வைத்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் கையால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிறு முழுக்க வீடு சுத்தம். எனக்கு லீவே இல்லை. – தாம்பரம் வாசகி

பதில்: வாரா வாரம் செய்தே ஆக வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டு, இந்த மூன்றையும் விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு தடவை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நார் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம் கழிப்பறை, படுக்கை விரிப்பு. ஃபேன் மாதம் ஒரு தடவை போதும், ஜன்னல் கம்பியை விருந்தாளி வருகிற அன்று துடைக்கலாம், நான் அப்படித்தான். ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை எல்லாருமாகச் சேர்ந்து செய்யுங்கள், பதினொன்றுக்கு மேல் பாக்கி இருந்தால் பாக்கி இருக்கட்டும்.

கேள்வி: பரண் முழுக்க மாமியாரின் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள். இந்தப் போகிக்காவது எடைக்குப் போட்டுவிடலாமா? – மதுரை வாசகி

பதில்: கீழே இறக்கி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தீர்களா? என் மாமியாரின் தூக்கு ஒன்றில் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவருடைய அண்ணன் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும், பாதிப் புள்ளி தேய்ந்துபோய் விரலால் தடவினால்தான் தெரியும். அதை நான் எடைக்குப் போட்டிருந்தால் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது. அவரையே நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள். கதை சொல்லும் பாத்திரம் ஒரு பக்கம், “இது எங்கேருந்து வந்துச்சு?” என்று அவரே கேட்கும் பாத்திரம் இன்னொரு பக்கம். இரண்டாவது குவியல்தான் எப்போதும் பெரிசு. பித்தளைக்கு இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் மட்டும் எப்போதும் காணாமல் போகிறதே, ஏன்? – புதுச்சேரி வாசகர்

பதில்: ஒன்றே ஒன்று இருப்பதால். மூன்று வாங்குங்கள். சமையலறையில் ஒன்றைக் கயிறு போட்டு ஆணியில் கட்டுங்கள், பிள்ளைகள் மேஜையில் ஒன்று, தையல் டப்பாவில் ஒன்று. இப்போதைக்கு அந்தப் பழையது வேண்டுமென்றால், கடைசியாகப் பிரித்த பாக்கெட் எதுவோ அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் துவரம் பருப்புக்குள் கிடந்தது.