மேடையை விட்டு இறங்கியும் கழற்றாத பட்டாள உடுப்பு

மார்த்தாண்டம் பக்கத்துக் கலை மன்றம் ஒன்றின் செயலாளர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். மன்றத்துப் பிள்ளைகள் குளச்சல் போரை நடித்துக் காட்டி வருகிறார்கள். போன மாதம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நடத்தினார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுச் சிப்பாய்கள், டச்சுத் தளபதி டிலனாய் சரணடைவது என்று எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. கடைசிக் காட்சியில் ஆறு பையன்கள் இன்றைய இந்திய ராணுவ யூனிஃபார்மில் வந்து சல்யூட் அடித்தார்கள். பழைய நாயர் பட்டாளத்தின் வழிவந்த ஒரு பட்டாலியனும் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மரியாதை செலுத்துவதாக அந்தக் காட்சி.

ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஆறு பேரில் ஒருவன், செயலாளரின் அக்கா மகன், உடுப்பைக் கழற்றாமலேயே பைக்கை எடுத்திருக்கிறான். தோளில் மூன்று நட்சத்திரம், மார்பில் ரிப்பன் வரிசை. கேரளப் பக்கம் வாகனச் சோதனையில் நிறுத்தியபோது "ஆர்மி" என்று சொன்னான், விட்டுவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த கூட்டாளி அதைப் படம்பிடித்து ரீல் போட்டான். ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் ஒரு சுபேதார் அதைப் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டார். எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மிச்சமுள்ள இரண்டு பக்கமும் சுபேதாரைப் பற்றித்தான். மன்றத்துக்கு நன்கொடை தராதது, பாதைத் தகராறு, வாட்ஸப் குழுவில் "கோமாளிகள்" என்று எழுதியது. செயலாளர் அவர்களே, இதில் ஒன்றுகூட வழக்குக்கு உதவாது. புகார் கொடுத்தவருக்கு உங்கள்மேல் பகை இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். ஸ்டேஷனில் போய் பாதைத் தகராறைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இன்ஸ்பெக்டர் கேட்காத கேள்விக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

"நாடகத்தில் பட்டாள உடை போடுவதே குற்றமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140, இரண்டு விஷயத்தைப் பார்க்கிறது. முதலாவது, உடை இந்திய அரசின் தரைப்படை, கடற்படை, விமானப்படை வீரர் அணிவதைப் போல இருக்க வேண்டும். 1741-இல் டச்சுக் கம்பெனிக்காரன் போட்ட கோட்டும் தொப்பியும் அதில் வராது. திருவிதாங்கூர்ப் படையின் தலைப்பாகையும் வராது. இரண்டாவது, தன்னைப் படைவீரன் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்டிருக்க வேண்டும். நோட்டீஸ் அடித்து, மைக்கில் அறிவித்து, மேடையில் நடிப்பவனை யாரும் நிஜ கேப்டன் என்று நம்பப் போவதில்லை. நம்பவைக்கும் எண்ணம் அவனுக்கும் கிடையாது. ஆக ஐந்து பையன்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆறாவது பையன் சோதனையில் "ஆர்மி" என்று சொன்ன அந்த ஒரு நிமிடம்தான் வழக்கு. அங்கே மேடை இல்லை, நோட்டீஸ் இல்லை. போலீஸ்காரர் நம்பட்டும் என்றுதான் சொன்னான் என்பது வீடியோவில் தெரிகிறது. 168-க்குத் தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் போலீஸ் வாரண்ட் இல்லாமலே நடவடிக்கை எடுக்கலாம்.

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பையன் அக்னிவீர் தேர்வுக்கு ரெண்டு வருஷமா ஓடிட்டு இருக்கான்." என் கண்ணில் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். இனி நான் எழுதுவது முழுக்க அதற்காகத்தான்.

இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்று கேட்டதும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: "ஒத்துக்கிட்டு கட்டிட்டு வந்துருவோம், யாரு கோர்ட்டுக்கு அலையுறது?" இந்த ஒரு வாக்கியத்தால் எதிர்காலத்தைத் தொலைத்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். திருவிழா அடிதடியில் சின்னப் பிரிவில் மாட்டிய ஒருவன், காலையில் மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். மூன்று வருடம் கழித்து ஓட்டத்தில், உடல் தகுதியில், எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறியபின் போலீஸ் வெரிஃபிகேஷனில் அந்த மத்தியானம் திரும்பி வந்தது. அபராதம் கட்டினால் முடிந்துபோகும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தான். சட்டத்தின் கணக்கில் அது தண்டனைத் தீர்ப்பு. படைவீரன் போல் வேடமிட்டதற்குத் தண்டனை பெற்றவனை எந்தப் படை எடுக்கும்?

சரி, மறைத்துவிடலாமா? கூடவே கூடாது. விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்ட இடத்தில் மறைத்தவர்களின் நிலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் விரிவாகப் பேசியிருக்கிறது. சின்ன வழக்காக இருந்தால் வேலை கொடுப்பவர் பெருந்தன்மை காட்டலாம். ஆனால் மறைத்ததையே காரணமாக்கி நீக்கவும் வழி இருக்கிறது. உள்ளதைச் சொன்னவனுக்குக் கொஞ்சமாவது இடம் உண்டு.

இன்னொரு குழி இருக்கிறது. வழக்கு நடக்கட்டும், சாட்சியைப் பிறழ்சாட்சியாக்கி, அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லவைத்து, விடுதலை வாங்கிவிடலாம் என்று பக்கத்து ஊர் குமாஸ்தா யாராவது யோசனை சொல்வார். பையன் நாளைக்குத் தமிழ்நாடு போலீஸ் தேர்வு எழுதினால் அது உதவாது. புகார்தாரர் பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனிலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அந்தப் பணி விதிகள் கருதுகின்றன. அதனால் வழக்கை ஜெயிப்பது நம் குறியல்ல. வழக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு உங்கள் கையில் சில நாட்கள்தான் இருக்கின்றன.

அந்த நாட்களில் மூன்று தப்பு நடக்கும். நடப்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ரீலை அழிப்பது முதலாவது. கடிதத்தைப் பார்த்தால் கூட்டாளி ஏற்கெனவே அதற்குத் தயாராக இருக்கிறான். புகார் வந்தபின் அதைச் சாட்சியத்துக்கு வரவிடாமல் அழித்தால் அது தனிக் குற்றம். அதே சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. மூன்று மாத வழக்கிலிருந்து தப்பிக்கப் போய் மூன்று வருட வழக்கை வாங்குவது இதுதான். பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள், மூலப் பதிவு போனில் அப்படியே இருக்கட்டும். அதைப் போலவே முழு நிகழ்ச்சி வீடியோ, நோட்டீஸ், அனுமதிக் கடிதம், கதை வசனத் தாள், உடை வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். உடை நாடகத்துக்காகத்தான் வந்தது என்பதற்கு இவைதான் சாட்சி.

இரண்டாவது, மன்னிப்புக் கடிதம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். பாதி அறிவுதான் ஆபத்து. முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு எழுதிய கடிதமும், சுபேதாருக்கு அனுப்பிய வாட்ஸப்பும், "தெரியாம செஞ்சுட்டேன், ஆர்மின்னு சொன்னது தப்புதான்" என்று போடும் வீடியோவும் போலீஸிடம் சொன்னவை அல்ல. அவை தாராளமாகச் சாட்சியமாக வரும். பையன் நல்ல மனதோடு எழுதும் ஒவ்வொரு வரியும், 168 கேட்கும் அந்த எண்ணத்தை நிரூபித்துக் கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் பயம். அவன் தோளில் இருந்தது மூன்று நட்சத்திரம், கேப்டன் பதவி. கமிஷன் பெற்ற அதிகாரி சட்டத்தின் கண்ணில் பொது ஊழியர். பொது ஊழியராக நடித்து, அந்தப் பதவியின் பெயரால் ஒரு காரியம் செய்தால் அல்லது செய்ய முயன்றால் 204-ஆம் பிரிவு. குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று வருடம், அபராதமும் உண்டு. ஜாமீனில் விட முடியாத வகை. "ஆர்மி" என்று ஒரு சொல் சொன்னது மட்டும் 204 ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் திங்கட்கிழமை பயத்தில், "ஆபீசர்னு நெனச்சு செக் பண்ணாம விடுவாங்கன்னு சொன்னேன், முன்னாடியும் ஒரு தடவை அப்படி வந்திருக்கேன்" என்று உளறினால் ஸ்டேஷனில் பிரிவு மாறிவிடும். அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, ஒருபோதும் சொல்ல மாட்டேன். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாமல் இருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 20(3) கொடுத்தது. வக்கீலோடு போங்கள். பெயர், விலாசம், மன்றத்தின் நிகழ்ச்சி விவரம் வரைக்கும் போதும். மாமா என்ற உரிமையில் அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசத் தொடங்கிவிடாதீர்கள். அதுவும் நடக்கிறது.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. சுபேதார் வீட்டுக்குப் போங்கள். இன்றைக்கே போங்கள்.

பகையால் புகார் கொடுத்தார் என்கிறீர்கள். அந்த ரீலை நான் பார்த்தேன். பையனின் மார்பில் ஊதா நிற ரிப்பன் ஒன்று தொங்குகிறது, வாடகைக் கடையில் அழகுக்காகக் குத்திக் கொடுத்திருப்பார்கள். அது பரம் வீர் சக்ராவின் நிறம். சுதந்திர இந்தியாவில் இதுவரை 21 பேருக்குத்தான் அந்த விருது. அதில் 14 பேர் அதை வாங்க உயிரோடு இல்லை. 1987-இல் இலங்கையில் மார்பில் குண்டு வாங்கியும் சண்டையிட்டு மடிந்த நம் தமிழ்க் குடும்பத்து மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த 14 பேரில் ஒருவர். பட்டாளத்தில் வாழ்நாளைக் கழித்த மனிதர், அந்த ரிப்பனோடு ரப்பர் செருப்பில் பைக் ஓட்டிச் சிரிக்கும் பையனைப் பார்த்தால் என்ன ஆகும்? பாதைத் தகராறு இல்லாவிட்டாலும் அவர் புகார் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போகும்போது பையனைக் கூட்டிப் போங்கள், கூடவே அவர் மதிக்கும் இன்னொரு முன்னாள் பட்டாளத்துக்காரரையும். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். வருத்தத்தை வாயால் சொல்லட்டும், தாளில் வேண்டாம். பணம் என்ற பேச்சே எடுக்காதீர்கள், அது பேரமாகத் திரும்பும். அவர் மனம் இறங்கினால், மேல்நடவடிக்கை வேண்டாம் என்று அவரே ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கட்டும். இந்தக் குற்றத்தில் அவர் வேண்டாம் என்றாலும் போலீஸ் வழக்குப் போட முடியும். ஆனாலும் மனு விசாரணை நிலையில் புகார்தாரரே போதும் என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் கதை வேறு. 168 சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. சம்பவம் கேரளத்தில் நடந்ததால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக முடியாது. எர்ணாகுளம் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் பார்த்தால், பாதை விஷயத்தில் ஒரு அடி விட்டுக்கொடுப்பதுகூட உங்களுக்கு லாபம்தான்.

இந்த மூன்று மாதக் குற்றத்துக்கு ஒரு வருடக் காலவரம்பு உண்டு. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். 204 சேர்ந்தால் அந்தக் காலமும் மூன்று வருடமாகிவிடும்.

நிகழ்ச்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உதயகிரிக் கோட்டையில் லத்தீனும் தமிழும் பொறித்த டிலனாய் கல்லறையை நம் பிள்ளைகள் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? உங்கள் மன்றம் செய்வது நல்ல வேலை. கடைசிக் காட்சியை மட்டும் மாற்றுங்கள். இன்றைய யூனிஃபார்ம் வேண்டாம். ராணுவத்தின் புதிய போர் உடையின் வடிவமைப்பு 2022-இல் பதிவு செய்யப்பட்டிருக்கிறது, அதைத் தைத்து விற்கும் கடைக்காரருக்கே பிரச்சினை வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மரியாதை செய்ய ஊரிலுள்ள உண்மையான பட்டாளத்துக்காரர்களை மேடைக்கு அழைத்து உட்காரவையுங்கள். வாள்களை மரத்தில் செய்யுங்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள இரும்பு வாளை வண்டியில் எல்லை தாண்டிக் கொண்டுபோவது ஆயுதச் சட்டத்தில் வேறொரு தலைவலி. உடைகள் பெட்டியில் வரட்டும், பெட்டியிலேயே போகட்டும். கடைசிப் பையன் உடை மாற்றும் வரைக்கும் வண்டிச் சாவிகள் உங்கள் பையில் இருக்கட்டும்.

முதல் நிகழ்ச்சிக்கு சுபேதாரை அழையுங்கள். பொத்தான் தப்பாக இருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.